மனஇறுக்கம் தளர எளிய வழிகள்: எது, எவ்வளவு நேரம், எங்கே தவறுகிறது? (விவாத இழை)

தளிர்:
"இசை கேளுங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள்" என்ற பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எப்படி என்பதுதான் எங்கும் கிடைப்பதில்லை. எத்தனை விநாடி, எத்தனை முறை, எந்த நேரத்தில், செய்தும் பலிக்காவிட்டால் ஏன் பலிக்கவில்லை என்று விவரமாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கருவி, செலவு எதுவும் வேண்டாம். ஒருவேளைக்கு 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வேலை செய்யும் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியது, இரவில் படுக்கப் போகும்முன் செய்யக்கூடியது இரண்டும் வேண்டும். பொதுவான ஆறுதல் வார்த்தைகளைத் தவிர்த்துவிடலாம், அவற்றைப் படித்துப் படித்தே பலர் சோர்ந்திருக்கிறார்கள்.

முகில்:
"ஆழமாக மூச்சு விடுங்கள்" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அதிகம் பேரைத் திசைதிருப்புகிற அறிவுரை அதுதான். பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் இன்னும் ஆழமாக இழு என்றால் தோள் தூக்கும், மார்பு ஏறி இறங்கும், படபடப்பு கூடும். மாற்ற வேண்டியவை இரண்டு: மூச்சின் வேகம், வெளிமூச்சின் நீளம்.

காரணத்தை அவரவர் மணிக்கட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பை ஒட்டிய பள்ளத்தில் இரண்டு விரலை லேசாக வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். நீளமாக விடும்போது இடைவெளி அகலும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்தை இழுத்துப் பிடிக்கிறது. உள்மூச்சின்போது பிடியை விடுகிறது. இளவயதில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற மங்கும். ஆகவே வெளிமூச்சை நீட்டினால் இதயம் பிடியில் இருக்கும் நேரம் கூடுகிறது.

செய்முறை: முதுகு சாய்ந்து உட்காருங்கள். இடுப்பில் இறுக்கமாக ஏதாவது இருந்தால் தளர்த்துங்கள். ஒரு கை மார்பில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கால் 4 விநாடி இழுங்கள். மூக்காலோ, லேசாகக் குவித்த உதட்டாலோ 6 விநாடி விடுங்கள். கீழே இருக்கும் கை மட்டும் அசைய வேண்டும். இப்படி நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடத்துக்கு 30. இந்த வேகத்தில் மூச்சின் அலையும், ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயலும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. நாடியின் ஏற்ற இறக்கம் பெரிதாவது அதனால்தான். சரியான வேகம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், பெரும்பாலும் நிமிடத்துக்கு நாலரை முதல் ஆறரைக்குள் இருக்கும். 4-க்கு 6 மூச்சுமுட்டினால் 3-க்கு 4-இல் தொடங்கி, சில நாளில் நீட்டுங்கள்.

திடீரென்று பதற்றம் ஏறும்போது வேறொன்று: மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, நிறுத்தாமல் அதன் மேலேயே இன்னொரு குட்டி மூச்சு இழுத்து, வாயால் நீளமாகப் பெருமூச்சாக விடுவது. 2023இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில் இதைத் தினமும் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. பதற்றம் குறைவது எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

செம்பருத்தி:
மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே தலை லேசாகச் சுற்றுவதும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவதும் ஏன்? அப்போது நிறுத்த வேண்டுமா, தொடரலாமா?

முகில்:
நிறுத்துங்கள், வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள், ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். காற்று அதிகமானதால் வருவது இது. வேகத்தைக் குறைத்தாலும் ஒவ்வொரு மூச்சையும் பெரிதாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்குகிறது. அது இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதுதான் தலைசுற்றல். ரத்தத்தின் அமிலத்தன்மை குறைவதால் நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டு, விரலும் உதட்டோரமும் ஊசி குத்துவதுபோல் ஆகும்.

அடுத்த முறை செய்யும்போது நுரையீரலை நிரப்ப முயலாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் மூச்சு விடும் சத்தம் கேட்கக் கூடாது, அதுதான் அளவு. இழுப்பதைச் சிறிதாக்குங்கள், விடுவதை மட்டும் மெதுவாக்குங்கள். இடையில் மூச்சைப் பிடித்து நிறுத்தும் முறைகளை (4 விநாடி இழுத்து, 7 விநாடி பிடித்து, 8 விநாடி விடும் 4-7-8, நான்கு நான்காக எண்ணும் சதுர மூச்சு) முதல் சில வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். பிடித்து வைத்த மூச்சை விட்டதும் பெரும்பாலானோர் பெரிதாக ஒரு மூச்சு இழுத்துவிடுகிறார்கள், கணக்கு அங்கே கெடுகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனை வேண்டவே வேண்டாம். மூச்சுத்திணறலுக்குக் காரணம் ஆஸ்துமாவோ இதயமோ ஆனால் அது ஆபத்து. வண்டி ஓட்டும்போதும் நீரில் இருக்கும்போதும் எந்த மூச்சுப் பயிற்சியும் செய்யக் கூடாது.

கல்மரம்:
முகில் சொன்னது எல்லாம் சரி, ஆனால் முதல் பாடமாக மூச்சை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதற்றம் அதிகம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பும். "சரியாகத்தான் விடுகிறேனா" என்ற சந்தேகம் வந்தால் மூச்சு உடனே தடுமாறும். கையும் காலும் அப்படிப் பழிவாங்காது. அதனால் தசையிலிருந்து தொடங்குங்கள்.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் நூலாக வெளியிட்ட முறை இது: ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பது. ஜேக்கப்சனின் மூல முறை மிக நீளமானது. இன்று பரவலாகச் சொல்லித்தருவது பின்னாளில் சுருக்கப்பட்ட 16 தசைக்கூட்டங்கள் கொண்ட வடிவம். அதையே செய்யலாம்.

வலது கையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதே போலத்தான். கையைத் தொடைமேல் வையுங்கள். முழு பலத்தில் முக்கால் பங்குக்கு முஷ்டியை மடக்கி 5 முதல் 7 விநாடி வைத்திருங்கள். மணிக்கட்டுக்குக் கீழே, முன்கையின் உட்புறம் கயிறாக எழுவதையும், விரல் மூட்டு வெளுப்பதையும் கவனியுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். பிறகு சட்டென்று விடுங்கள். மெல்ல மெல்லத் திறப்பதுதான் இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை. மெல்லத் திறக்கத் தசை இன்னும் வேலை செய்தாக வேண்டும். கை பொத்தென்று விழட்டும். விரல்கள் பாதி மடங்கியே கிடக்கும், நேராக்காதீர்கள், அதுதான் அவற்றின் ஓய்வு நிலை. இப்போது 30 முதல் 40 விநாடி சும்மா இருங்கள். முதலில் கதகதப்பு வரும், பிறகு கனம். இந்த 30 விநாடியை வெட்டிவிட்டு அடுத்த தசைக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் "ஒன்றுமே தெரியவில்லை" என்ற குறை வருகிறது. பயிற்சியே இந்த விநாடிகளில்தான் இருக்கிறது.

அப்புறம் வலது மேற்கை (முழங்கையை இருக்கையில் அழுத்துவது), இடது கை, இடது மேற்கை, நெற்றி, கண்ணும் மூக்கும், தாடை, கழுத்து, தோளும் மார்பும், வயிறு, பிறகு ஒவ்வொரு காலிலும் தொடை, கெண்டைக்கால், பாதம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தால் ஏறக்குறைய 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஒரு தடவை மட்டும் என்றால் 15 நிமிடத்துக்குள் முடிக்கலாம்.

கெண்டைக்காலை இறுக்க விரல்களைக் கீழ்நோக்கி நீட்டாதீர்கள், தசைப்பிடிப்பு வரும். விரல்களை முழங்காலை நோக்கி மேலே இழுங்கள். பாதத்துக்கு 3 விநாடி போதும். கழுத்தைப் பின்னால் வளைக்கவே கூடாது; தலையைச் சாய்மானத்தில் லேசாக அழுத்தினால் போதும். அடிபட்ட இடம், அறுவை செய்த இடம், மூட்டுவலி உள்ள இடத்தை இறுக்காமல் கவனிப்பதோடு விடுங்கள்.

தளிர்:
கல்மரம், அலுவலக நாற்காலியில் 16 தசைக்கூட்டத்துக்கு எங்கே போவது? நாலு பேர் நடுவில் முகத்தைச் சுளிக்கவும் முடியாதே.

கல்மரம்:
முடியாதுதான், அதனால்தான் அதைப் படிப்படியாகச் சுருக்குகிறோம். முதல் இரண்டு வாரம் வீட்டில் முழுதாக. அடுத்து இரண்டு கையும் ஒன்றாக, முகம் முழுவதும் ஒன்றாக, உடற்பகுதி, இரண்டு காலும் என்று நாலே தொகுப்பு. அதற்கும் அடுத்து இறுக்குவதையே விட்டுவிட்டு, இறுக்கம் விட்ட பின் அந்தக் கை எப்படிக் கனத்தது என்பதை நினைவுபடுத்தி விடுவது மட்டும். இந்த நிலையில் ஒவ்வொரு வெளிமூச்சோடும் "விடு" என்று மனதுக்குள் சொல்லிப் பழகினால், பிற்பாடு அந்த ஒரு சொல்லே தசையைத் தளர்த்தும் குறிப்பாகிவிடும். இந்தக் கடைசிப் படிதான் அலுவலகத்துக்கு. முந்தைய படிகளைத் தாண்டிக் குதித்தால் அந்தச் சொல் வெறும் சொல்லாகவே இருக்கும்.

செம்பருத்தி:
நாற்காலி விஷயத்தில் நானும் ஒன்று சேர்க்கிறேன். மேசை வேலையில் இறுக்கம் முதலில் சேருவது தாடையில். வாய் மூடியிருக்கும்போதும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. ஓய்வு நிலையில் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் பல் படுகிறது என்றாலே தாடைத் தசை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகப் படட்டும். காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பார்த்தால் எந்தத் தசை என்று கைக்கே தெரியும்.

நினைவு வருவதுதான் சிரமம். கடிகார அலாரம் வைத்தால் இரண்டாம் நாளே காதில் விழாது. ஏற்கெனவே செய்யும் ஒரு செயலோடு கட்டிவிடுங்கள்: தொலைபேசியை எடுக்கும்முன், கோப்பைச் சேமிக்கும்போது, கதவுப்பிடியில் கை வைக்கும்போது. ஒவ்வொரு தடவையும் பல்லை விலக்கு, தோளை இறக்கு, ஒரு நீண்ட வெளிமூச்சு. மொத்தம் 10 விநாடி. கண்ணுக்கும் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 விநாடி, சுமார் 6 மீட்டர் தள்ளி இருக்கும் எதையாவது பாருங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, மாலைத் தலைபாரத்தில் அதற்கும் பங்குண்டு.

இரவுவானம்:
உடம்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். உடம்பு தளர்ந்தும் மூளை நிற்காதவர்களுக்கு என்ன வழி? படுத்ததும் நாளைய வேலை, பாக்கி, பதில் சொல்லாத கடிதம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அவர்களுக்கு மூச்சும் தசையும் பாதி வழிதான்.

இதற்கு எழுதுவது. 2018இல் வெளியான பெய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று: படுக்கும்முன் 5 நிமிடம் இனி செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். காகிதத்தில் எழுதுங்கள், கைபேசியில் எழுதப் போனால் நடுவில் ஒரு செய்தி வந்து நிற்கும், பட்டியல் அதோடு போயிற்று.

கவலைக்கென்றே நேரம் ஒதுக்குவதும் உண்டு. தாமஸ் போர்கோவெக் குழு 1983இல் பரிசோதித்த முறை. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம். 15-இல் தொடங்கினாலும் தவறில்லை. அந்த இடம் படுக்கையாகவோ, ஓய்வெடுக்கும் நாற்காலியாகவோ இருக்கக் கூடாது. தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பே முடித்துவிட வேண்டும். பகலில் கவலை தலைதூக்கினால் ஒரு வார்த்தையில் குறித்துக்கொண்டு "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுங்கள். ஆறு மணிக்குக் கட்டாயம் உட்காருங்கள். ஒத்திப்போட்டுவிட்டு உட்காராமல் விட்டால் மறுநாள் அந்த வாக்குறுதியை மனசு நம்பாது, முறையே படுத்துவிடும்.

முகில்:
கவலையை எழுத எழுத அது பெருகுகிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களே?

இரவுவானம்:
பெருகும், "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று எழுதினால். அந்த வாக்கியத்துக்கு முடிவு கிடையாது. தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கவலை, ஒரே வரியில். வலப்பக்கம் அதற்கு எடுக்கக்கூடிய அடுத்த அடி, 10 நிமிடத்தில் செய்யக்கூடிய அளவில், எப்போது என்பதோடு. "பணப் பிரச்சினை" என்று எழுதினால் தாள் உங்களையே திரும்பிப் பார்க்கும். "நாளை காலை பத்து மணிக்கு வங்கிக்குப் போன் செய்து தவணைத் தேதியைக் கேட்பது" என்று எழுதினால் மனசு அதைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் கையில் எதுவும் இல்லாத கவலை என்றால் வலப்பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அப்படிப்பட்ட கோடுகள்தான் பக்கம் முழுக்க என்றால் அன்றைக்கு எழுதுவதை மூடிவிட்டு நடக்கப் போவது மேல்.

நீரோட்டம்:
நடை பற்றி இரண்டே வரி. மரமும் செடியும் இருக்கும் இடத்தில் 20 முதல் 30 நிமிடம் இருக்கும்போதுதான், மனஇறுக்கத்தில் கூடும் கார்டிசோல் என்ற ஹார்மோன் மிக வேகமாகக் குறைகிறது என்று 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. தளிர் போட்ட 15 நிமிட வரம்பைத் தாண்டுகிறது, ஆனால் மதிய இடைவேளையில் இடம் இருக்கும். கைபேசி பைக்குள் போகட்டும், இல்லையென்றால் நடந்தது காலுக்கு மட்டும்தான்.

இரவுக்கு வெந்நீர். படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரத்துக்கு முன், 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் நீரில், 10 நிமிடம் போதும். வெந்நீர் உடம்பைச் சூடாக்கித் தூங்க வைப்பதாக நினைக்கிறோம். உண்மையில் கையிலும் காலிலும் ரத்த ஓட்டத்தைக் கூட்டி உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது, உள்வெப்பம் இறங்கும்போது தூக்கம் வருகிறது. அந்த இறக்கத்துக்கு நேரம் வேண்டும். குளித்த கையோடு படுத்தால் புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான். குளிக்க வசதி இல்லையென்றால் கணுக்காலுக்கு மேல் வரை பாதத்தை மட்டும் வைக்கலாம். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைக் காலால் சோதிக்கக் கூடாது, முழங்கையாலோ வெப்பமானியாலோ பாருங்கள். ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்கள் மெதுவாக எழுந்திருங்கள். கர்ப்பிணிகள் இவ்வளவு சூட்டில் உட்கார வேண்டாம்.

செம்பருத்தி:
இதோடு மாலைக் காபியையும் பார்க்க வேண்டும். உடலில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது, சிலருக்கு இன்னும் அதிகம். 2013இல் வந்த ஓர் ஆய்வில் படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. மது தூங்க வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியைக் குலைத்துவிடும். இந்த இரண்டையும் தொடாமல் மூச்சுப் பயிற்சியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

தளிர்:
ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் மாறவில்லை என்கிறவருக்கு என்ன சொல்வீர்கள்? கண்ணை மூடி உட்கார்ந்தாலே படபடக்கிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கல்மரம்:
முதலாமவரிடம், எப்போது செய்கிறார் என்று கேட்பேன். பெரும்பாலும் பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் செய்வார்கள். நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாது. மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் நேரத்தில், தினமும் ஒரே வேளையில் பழக வேண்டும். பழகியது நெருக்கடியில் தானாகக் கைகொடுக்கும். செய்வதற்கு முன்னும் பின்னும் இறுக்கத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டுக் குறித்து வையுங்கள். 7 என்பது 6 ஆனாலே அது மாற்றம்தான், குறித்து வைக்காதவருக்கு அது தெரியாமலே போய்விடும். பயிற்சியின் நடுவே "தளர்ந்துவிட்டேனா" என்று சோதிக்காதீர்கள், அந்தச் சோதனையே ஒரு வேலை. எண்ணுவதும் இறுக்கி விடுவதும்தான் நம் பொறுப்பு, தளர்வு வந்தால் வரட்டும்.

இரண்டாமவரின் பிரச்சினை நன்கு அறியப்பட்ட ஒன்று. எப்போதும் காவலில் இருந்து பழகிய உடம்புக்குத் தளர்வே ஆபத்துபோல் படும். கண்ணைத் திறந்தே வையுங்கள், பார்வை தரையில் ஓர் இடத்தில் இருக்கட்டும். படுக்காமல் உட்கார்ந்து, இரண்டு கை மட்டும், 3 நிமிடம். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் விறுவிறுவென்று நடந்துவிட்டு வந்து கடைசி 2 நிமிடம் மட்டும் உட்காருங்கள். அதிர்ச்சியான அனுபவங்களைத் தாண்டி வந்தவர்கள் இதைத் தனியாகப் போராடிச் சரிசெய்ய வேண்டியதில்லை, உளவியல் ஆலோசகர் துணையோடு செய்வது நல்லது.

இரவுவானம்:
மருத்துவரிடம் போக வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் பயிற்சி செய்து பார்க்கக் காத்திருக்கக் கூடாது. வாரத்தில் குறைந்தது மூன்று இரவு தூக்கம் கெட்டு அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அதற்கென்று தனிச் சிகிச்சை இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே உதவியை நாடுங்கள்.

தளிர்:
எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மீதி: இரவில் இருப்பதே 15 நிமிடம் என்றால் எந்த வரிசை?

கல்மரம்:
முதலில் எழுதுவது, 5 நிமிடம், மேசையில். பட்டியலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், படுக்கைக்குக் கொண்டுவர வேண்டாம். பிறகு படுத்தபடி தசை, நாலு தொகுப்பாக 5 நிமிடம். கடைசியில் 4-க்கு 6 மூச்சு. எண்ணிக்கை நடுவில் தவறினால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள், விட்ட இடத்திலேயே போகட்டும். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்காமல்) எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள்.

முகில்:
இந்த வரிசைக்கு நானும் சம்மதம். படுத்துக்கொண்டு மூச்சு செய்யும்போது மட்டும் தலையணை மிக உயரமாக இருக்க வேண்டாம், தாடை நெஞ்சை நோக்கி மடங்கினால் வெளிமூச்சு சீராக வராது.